சூசன்னே பியர்: 'செரீனா'வில் விழுந்தவர் 'நைட் மேனேஜரி'ல் எழுந்தது எப்படி?

2014 அக்டோபரில் லண்டன் திரைப்பட விழாவில் 'செரீனா' முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, அதன் படப்பிடிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜெனிஃபர் லாரன்ஸும் பிராட்லி கூப்பரும் ஜோடியாக நடித்த படம். படம் எடிட்டிங்கில் கிடந்த காலத்துக்குள் லாரன்ஸ் வேறொரு படத்துக்கு ஆஸ்கரே வாங்கிவிட்டார். அப்பேர்ப்பட்ட ஜோடி இருந்தும் விமர்சகர்கள் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 2015-ல் சில தியேட்டர்களில் மட்டும் ஓடி, வந்த சுவடு தெரியாமல் போனது. படத்தை இயக்கிய சூசன்னே பியர் டென்மார்க்காரர், அப்போது அவருக்கு 54 வயது. மூன்றரை வருடம் முன்புதான் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரை மேடையேறி வாங்கியிருந்தார். ஐரோப்பாவிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போய்ச் சூடுபட்டவர்கள் வரிசையில் இவரையும் சேர்த்துவிட அன்றைக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ஆனால் 2016 பிப்ரவரியில் பிபிசியில் 'தி நைட் மேனேஜர்' என்ற உளவுத் தொடர் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் அதற்காக அவருக்கு எம்மி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது. 2018 டிசம்பரில் 'பேர்ட் பாக்ஸ்', முதல் ஏழு நாளில் நாலரைக் கோடிக் கணக்குகளில் பார்க்கப்பட்டதாக நெட்ஃபிளிக்ஸே அறிவித்தது. 2020-ல் எச்பிஓவில் 'தி அன்டூயிங்'. ஆஸ்கர், கோல்டன் குளோப், எம்மி, ஐரோப்பியத் திரைப்பட விருது நான்கையும் தொட்ட முதல் பெண் இயக்குநர் என்று இன்றைக்கு அவரைச் சொல்கிறார்கள்.

இடையில் அவர் பாணியை மாற்றிக்கொண்டாரா? இல்லை என்பதுதான் என் கட்சி. டென்மார்க்கில் பத்துப் பதினைந்து வருடமாகப் பழகிய ஒரு வேலைமுறை அவரிடம் இருந்தது. அந்த முறைக்கு இடம் கிடைத்தபோதெல்லாம் ஜெயித்திருக்கிறார், இடம் கிடைக்காதபோது தடுக்கி விழுந்திருக்கிறார். படம் சினிமாவா தொடரா, டேனிஷா ஆங்கிலமா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகத்தான் தெரிகிறது.

சரி, முதலிலிருந்து பார்ப்போம்.

பியர் பிறந்தது 1960-ல், கோபன்ஹேகனில், ஒரு யூதக் குடும்பத்தில். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு டென்மார்க்குக்கு ஓடிவந்தவர் அப்பா. 1943-ல் நாஜிகள் டென்மார்க் யூதர்களைப் பிடிக்க வந்தபோது ஏழாயிரம் பேருக்கு மேல் படகுகளில் கடல் தாண்டி ஸ்வீடனுக்குத் தப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் இவருடைய பெற்றோரும் இருந்தார்கள். இதை அவர் படங்களுக்கு விளக்கமாகக் கொடுப்பது மிகச் சுலபம், அதனால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே சொல்கிறேன்: பியரின் நல்ல படங்கள் எல்லாவற்றிலும் வசதியான, வெளிச்சமான, ஒழுங்கான ஒரு வீடு இருக்கும், ஒரு சாதாரண நாளில் அதன் அஸ்திவாரமே ஆடிப்போகும். பாதுகாப்பு என்று நாம் நினைப்பது எவ்வளவு மெல்லியது என்பதைக் குடும்பத்தில் கேட்டு வளர்ந்தவர் அவர்.

படிப்பு நேர்க்கோட்டில் போகவில்லை. ஜெருசலேமில் பெசலேல் கலைக்கழகம், அப்புறம் லண்டனில் கட்டடக்கலை, அதன் பிறகுதான் டென்மார்க் தேசியத் திரைப்படப் பள்ளி. 1987-ல் பட்டம் பெற்றார். இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இயக்கம் படிக்க ஒரு தொகுதிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேரைத்தான் எடுப்பார்கள், அதே பள்ளியில் ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, தயாரிப்பு என்று படிப்பவர்களோடு சேர்ந்தே படம் எடுக்க வேண்டும். ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் மட்டும் பேசும் மொழியில், அரசு மானியம் இல்லாமல் சினிமா பிழைக்காத ஒரு நாட்டில், படித்து வெளியே வருகிறவர்கள் ஒருவரையொருவர் இருபது முப்பது வருடம் விடாமல் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். லார்ஸ் வான் ட்ரியர், தாமஸ் வின்டர்பெர்க், லோனே ஷெர்ஃபிக் எல்லோரும் அங்கே படித்தவர்கள்தான்.

முதல் முழுநீளப் படம் 1991-ல் வந்தது, அதுவும் ஸ்வீடன் தயாரிப்பு: ஸ்டாக்ஹோமில் வாழும் ஒரு யூதக் குடும்பம், அம்மாவுக்குப் புற்றுநோய். அதற்குப் பிறகு எட்டு வருடம் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையே மாறி மாறிப் படம் எடுத்தார். குடும்ப நாடகம், நகைச்சுவை, ஒரு திகில் படம்கூட. அவற்றில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. 1999-ல் 'தி ஒன் அண்ட் ஒன்லி' என்ற காதல் நகைச்சுவைப் படம் வந்து டென்மார்க்கையே புரட்டிப்போட்டது. அவ்வளவு சின்ன நாட்டில் எட்டு லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. விழாக்களில் விருது வாங்கும் இயக்குநர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள் இந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. கூட்டம் எங்கே சிரிக்கும், எங்கே மூக்கை உறிஞ்சும் என்று தெரிந்த ஒரு கமர்ஷியல் இயக்குநராகத்தான் அவர் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தார்.

அடுத்த கட்டம் என்பது டாக்மே 95. படம் எப்படி எடுக்க வேண்டும் என்று வான் ட்ரியரும் வின்டர்பெர்க்கும் 1995-ல் அறிவித்த பத்து விதிகள்: செட் கூடாது, கேமரா கையில்தான் இருக்க வேண்டும், காட்சி எடுக்கும் இடத்தில் ஒலிக்காத இசையைப் பின்னால் சேர்க்கக் கூடாது, விசேஷ விளக்குகள் கூடாது, இயக்குநர் பெயர் போடக் கூடாது. பியர் 2002-ல் எடுத்த 'ஓப்பன் ஹார்ட்ஸ்' டாக்மே வரிசையில் 28-வது. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி; பையன் காரிலிருந்து இறங்கும்போது இன்னொரு கார் மோதிக் கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போகிறான். மோதியவளின் கணவன் அதே மருத்துவமனையில் டாக்டர், மாட்ஸ் மிக்கெல்சன் நடித்தது. அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இரு என்று மனைவியே அவனை அனுப்புகிறாள். அவன் அவளைக் காதலிக்கத் தொடங்குகிறான்.

கதையை இப்படிச் சொன்னால் மெகா சீரியல் போலத் தெரியும். படத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது, காரணம் டாக்மே விதிகள்தான். சோகத்தை ஊதிப் பெருக்க இசை இல்லை, அழகாகக் காட்ட விளக்கு இல்லை, மிஞ்சுவது முகம் மட்டும். படுக்கையில் கிடப்பவன் தன்னைப் பார்க்க வந்த காதலியைக் கடுமையான வார்த்தைகளால் விரட்டும் காட்சியில் கேமரா அவன் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கிறது. வாய் திட்டிக்கொண்டிருக்கும்போது கண் போகாதே என்கிறது. அந்தப் படத்திலிருந்து இன்றுவரை பியரின் அடையாளம் கண்களை நெருங்கிப் பிடிக்கும் க்ளோஸப்தான். விதிகள் அவர் கையைக் கட்டின என்று சொல்ல மாட்டேன். கட்டுக்கதை போன்ற திருப்பங்களை ஆவணப்படம் போலப் படம்பிடித்தால் அவை நம்பும்படியாகிவிடுகின்றன என்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்ததே அந்த விதிகள்தான்.

இந்தப் படத்தில்தான் திரைக்கதையாசிரியர் ஆண்டர்ஸ் தாமஸ் ஜென்சனும் வந்து சேர்கிறார். அவர் ஏற்கெனவே குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். இவர்கள் கூட்டணியில் வந்த படங்களில் கதை என்ற இடத்தில் பெரும்பாலும் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். எழுதி முடித்த திரைக்கதை இயக்குநர் கைக்கு வந்து சேர்வதில்லை. கதை உருவாகும்போதே இயக்குநர் கூட இருக்கிறார். 'பிரதர்ஸ்' (2004), 'ஆஃப்டர் தி வெட்டிங்' (2006), 'இன் எ பெட்டர் வேர்ல்ட்' (2010) மூன்றும் இப்படி வந்தவை, மூன்றுக்கும் தயாரிப்பு ஸென்ட்ரோபா நிறுவனம். நடிகர்களும் அதே வட்டம்: உல்ரிக் தாம்சன், நிக்கோலாய் லீ காஸ், டிரினே டைர்ஹோம், சிட்ஸே பாபெட் நுட்சன்.

முதல் இரண்டு படங்களையும் அமெரிக்காவில் ரீமேக் செய்தார்கள். 'பிரதர்ஸ்' 2009-ல், 'ஆஃப்டர் தி வெட்டிங்' 2019-ல். இரண்டிலும் பெரிய நடிகர்கள் இருந்தார்கள், இரண்டுமே மூலத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. மும்பையில் அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தும் ஒருவன் நன்கொடைக்காகக் கோபன்ஹேகன் போய், பணக்காரரின் மகள் கல்யாணத்தில் போய் உட்கார்ந்து, அந்த மகள் தனக்குப் பிறந்தவள் என்று தெரிந்துகொள்வதுதான் 'ஆஃப்டர் தி வெட்டிங்'. அதில் எனக்கு மறக்காதது அந்தத் திருப்பம் அல்ல. ரோல்ஃப் லாஸ்கோர்ட் நடித்த அந்தப் பணக்காரர், எல்லாவற்றையும் பணத்தாலும் அதட்டலாலும் ஏற்பாடு செய்தே பழகியவர், கடைசியில் மனைவியிடம் எனக்குச் சாக வேண்டாம் என்று குழந்தை மாதிரி கதறுவார். பியர் அங்கே கேமராவை விலக்கவே மாட்டார். நாம் சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பும்வரை காட்டிக்கொண்டே இருப்பார்.

'இன் எ பெட்டர் வேர்ல்ட்' படத்திலும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும், அவர் முறை எப்படி வேலை செய்கிறது என்று அதில் துல்லியமாகத் தெரியும். ஆப்பிரிக்காவில் அகதிகள் முகாமில் வேலை செய்யும் டாக்டர் ஆன்டன் விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறார். விளையாடும் இடத்தில் பிள்ளைகளை விலக்கிவிடப் போனவரை ஒரு மெக்கானிக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான், பிள்ளைகள் கண்ணெதிரிலேயே. ஆன்டன் திருப்பி அடிக்கவில்லை. பின்னொரு நாள் தன் மகனையும் அவன் நண்பன் கிறிஸ்டியனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பட்டறைக்கே போய், ஏன் அடித்தாய் என்று கேட்கிறார். அவன் மறுபடி அறைகிறான், மறுபடியும் அறைகிறான். ஆன்டன் அசையாமல் நின்றுவிட்டு வெளியே வந்து, பார்த்தீர்களா, அவன் ஒரு முட்டாள், தோற்றது அவன்தான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார். கிறிஸ்டியன் முகத்தில் அந்தப் பாடம் ஏறவே இல்லை. தோற்றதாக அவன் நினைக்கவில்லையே என்கிறான். சாதாரண இயக்குநர் அகிம்சையின் வெற்றியோடு காட்சியை முடித்திருப்பார். இங்கே அந்தச் சிறுவனின் சந்தேகம்தான் அடுத்த முக்கால் மணி நேரத்தையும் நடத்திப்போகிறது, அது வெடிகுண்டு வரை போகிறது. அதே ஆன்டன் முகாமில் ஒரு கொடூரமான ஆயுதக்கும்பல் தலைவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிவரும்போது அவருடைய அகிம்சையும் ஒரு கட்டத்தில் அறுந்துபோகிறது. கேள்வியை எழுப்பிவிட்டு, கேட்டவரையே அதற்குள் தள்ளிப் பார்க்கும் எழுத்து இது. எழுதுபவரும் எடுப்பவரும் சேர்ந்து யோசித்தால்தான் இது வரும்.

2011-ல் இந்தப் படத்துக்கு கோல்டன் குளோப், ஆஸ்கர், ஐரோப்பாவின் சிறந்த இயக்குநர் விருது எல்லாம் கிடைத்தன.

இனி ஹாலிவுட் பக்கம். 2007-லேயே ட்ரீம்வொர்க்ஸுக்காக 'திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்' எடுத்தார். ஹாலி பெர்ரி, பெனிசியோ டெல் டோரோ. வசூல் இல்லை, ஆனால் நான் அந்தப் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். போதையிலிருந்து மீள முயல்பவனாக டெல் டோரோ செய்திருப்பதைப் பார்த்தால் பியர் நடிகர்களை எவ்வளவு தூரம் கொண்டுபோவார் என்று புரியும். திரைக்கதை வேறொருவர் எழுதிவைத்தது, அதன் ஓட்டைகளும் தெரிகின்றன. 'செரீனா'வில் அது முற்றிவிட்டது. ரான் ராஷின் நாவல், ஏற்கெனவே வேறொரு இயக்குநர், வேறொரு நாயகி என்று பேசப்பட்டுக் கைமாறி வந்த திட்டம். 1930-களின் அமெரிக்க மலைக்காட்டு மரத்தொழிலை செக் குடியரசில் எடுத்தார்கள். எடிட்டிங் ஒன்றரை வருடம் இழுத்தது. அது முடிவதற்குள் பியர் ஊருக்குத் திரும்பி ஜென்சனோடு 'எ செகண்ட் சான்ஸ்' என்ற டேனிஷ் படத்தை எடுத்து டொராண்டோ விழாவில் திரையிட்டேவிட்டார். பின்னால் எடுத்தது முன்னால் வந்தது. 'செரீனா'வை இப்போது பார்த்தாலும் தனித்தனிக் காட்சிகளில் உயிர் இருக்கிறது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும், ஏன் இப்படி ஆகிறாள் என்பது மட்டும் எங்கேயோ தொலைந்திருக்கிறது. அது எடிட்டிங்கில் சரிசெய்ய முடிகிற குறை அல்ல.

இந்த நிலையில் வந்ததுதான் 'தி நைட் மேனேஜர்'. ஜான் லெ காரே 1993-ல் எழுதிய நாவல். வந்த புதிதிலேயே அதைப் படமாக்க ஆசைப்பட்டவர்களில் ஹியூ லாரியும் ஒருவர், அப்போது நாயகன் பைனாகத் தானே நடிக்க நினைத்தாராம். உரிமை சிட்னி பொல்லாக் கையில் இருந்தது. ஆனால் அந்தக் கதையை இரண்டு மணி நேரப் படத்துக்குள் அடக்க முடியவில்லை. இருபது வருடம் கழித்து அது ஆறு எபிசோட் தொடராக ஆனபோது லாரிக்கு வில்லன் வேடம், பைன் வேடத்தில் டாம் ஹிடில்ஸ்டன்.

தொலைக்காட்சியில் பொதுவாக எபிசோடுக்கு ஒரு இயக்குநர் வருவார், போவார். அதிகாரம் எழுத்தாளரிடமோ, தொடரின் மொத்தப் பொறுப்பாளரான ஷோ ரன்னரிடமோ இருக்கும். டென்மார்க்கின் அரசு ஒளிபரப்பான டிஆர் உலகப் புகழ் பெற்ற தொடர்களை எடுத்ததும் எழுத்தாளரை நடுவில் வைத்துத்தான். பியர் அந்த வழியாக வந்தவர் இல்லை. 'நைட் மேனேஜரி'ல் ஆறு எபிசோடையும் அவர் ஒருவரே இயக்கினார், ஆறு மணி நேரப் படம் போல. அப்படி எடுக்கும்போது ஷெட்யூல் எபிசோட் வரிசையில் போகாது, இடத்தை வைத்துப் போகும். மயோர்கா தீவில் வில்லனின் கோட்டை வீட்டில் நடக்கும் காட்சிகளெல்லாம் எந்த எபிசோடில் வந்தாலும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும். ஒரு முகம் இந்தக் காட்சியில் எவ்வளவு தெரிந்துகொண்டிருக்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்பதை ஆறு மணி நேரத்துக்கும் தலையில் வைத்திருக்க ஒரே ஒருவரால்தான் முடியும். ஒற்றன் கதையில் அதுதானே எல்லாமே.

நாவலில் ஆணாக இருந்த உளவு அதிகாரி பர் தொடரில் பெண்ணானார். அதில் நடித்த ஒலிவியா கோல்மன் நிஜத்தில் கர்ப்பமாக இருந்தார். அதை மறைக்காமல் பாத்திரத்துக்கே சேர்த்துவிட்டார்கள். கோட்டும் சூட்டும் போட்ட ஆண்களுக்கு நடுவே நிறைமாத வயிறோடு ஒரு அதிகாரி விடாப்பிடியாக நிற்பது கதைக்கு எவ்வளவு வலு சேர்த்தது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரியின் ரோப்பர் சிரித்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, எதிரில் இருப்பவரின் கண்ணை மட்டும் காட்டுவார் பியர். 'ஓப்பன் ஹார்ட்ஸ்' மருத்துவமனையில் பார்த்த அதே கேமரா, இப்போது கோடீஸ்வர வீட்டில்.

அந்த வருட எம்மியில் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்குத் தொடரின் கொடிதான் பறந்தது. குறுந்தொடர் இயக்குநர் விருதுக்கு அதன் மூன்று எபிசோடுகள் போட்டியில் இருந்தும், விருது பியருக்குப் போனது. நம் ஊரில் பலருக்கு இந்தக் கதை 2023-ல் ஹாட்ஸ்டாரில் அனில் கபூரும் ஆதித்ய ராய் கபூரும் நடித்த இந்தி வடிவமாகத்தான் தெரியும். அதைப் பார்த்தவர்கள் பியருடையதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

'பேர்ட் பாக்ஸ்' விஷயத்தில் எனக்கு வியப்பு ஒன்றுதான்: கண்களை வைத்தே பிழைத்த இயக்குநர், நாயகி சான்ட்ரா புல்லக்கின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டுப் படம் எடுக்கிறார். கண்ணால் பார்த்தவரைச் சாகத் தூண்டும் ஏதோ ஒன்றிடமிருந்து தப்பக் கண்ணைக் கட்டிக்கொண்டு அலையும் கதை, அதனால் வாய், தோள், தடவும் கை, இவற்றை நம்பிப் போக வேண்டிய படம். அதை ஒரு அரக்கனாகச் செய்து காட்சியும் எடுத்துப் பார்த்துவிட்டு, பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வருகிறது என்று மொத்தமாக வெட்டிவிட்டார்கள், சரியான முடிவு. ஒரு கறையும் உண்டு: கனடாவில் 2013-ல் 47 பேர் இறந்த ரயில் விபத்தின் நிஜக் காட்சித் துண்டு படத்தில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் எதிர்த்த பிறகு, தாமதமாகத்தான் அதை நீக்கினார்கள்.

அப்புறம் வந்த தொடர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 'தி அன்டூயிங்' ஆறு எபிசோட், நிக்கோல் கிட்மன், ஹியூ கிரான்ட். கணவனை நம்பலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியை ஒரு மனைவியின் முகத்தில் வைத்து ஆறு வாரம் ஓட்டினார், முடிவு கொஞ்சம் சப்பென்று இருந்தாலும். 'தி ஃபர்ஸ்ட் லேடி' (2022) பத்து எபிசோடையும் இயக்கியும் எடுபடவில்லை; ஒரே சீசனோடு நிறுத்தினார்கள். மூன்று அதிபர்களின் மனைவியர், மூன்று காலம், மாறி மாறிப் போகும் கதை. ஒரு முகத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்குள் அடுத்த காலத்துக்குத் தாவிவிடும். பியரின் பலம் எதுவோ அதற்கே அந்தக் கட்டமைப்பில் இடம் இல்லை. வயோலா டேவிஸ், மிஷல் ஃபைஃபர், கில்லியன் ஆண்டர்சன் மூவர் இருந்தும் கரை சேரவில்லை என்றால் குறை அங்கேதான். 2024-ல் நெட்ஃபிளிக்ஸில் 'தி பெர்ஃபெக்ட் கப்பிள்', மறுபடி கிட்மன், நம் இஷான் கட்டரும் உண்டு. திரும்பவும் ஒரு கல்யாண வீடு, திரும்பவும் விருந்தாளிகள் நடுவே உடையும் குடும்பம். 'ஆஃப்டர் தி வெட்டிங்' படத்தின் ஆழம் இதில் கிடையாது, ஆனால் ஒரு விருந்துக் காட்சியில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை வைத்தே கதை சொல்லும் கை அப்படியே இருக்கிறது.

2025-ல் புல்லக், கிட்மன் இருவரையும் சேர்த்து 'பிராக்டிகல் மேஜிக்' படத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்தார். தன்னோடு ஒருமுறை வேலை செய்த பெரிய நடிகைகள் மறுபடி வருகிறார்கள் என்பது அவரைப் பற்றிய நல்ல சாட்சி. எனக்கு ஒரே குறை, 'எ செகண்ட் சான்ஸு'க்குப் பிறகு அவர் டேனிஷ் மொழியில் முழுநீளப் படம் எடுக்கவே இல்லை. ஜென்சனோ மிக்கெல்சனையும் லீ காஸையும் வைத்துத் தானே இயக்கிக்கொண்டிருக்கிறார், 2020-ல் ஒன்று, 2025-ல் இன்னொன்று. பழைய கூட்டம் அங்கே அப்படியேதான் இருக்கிறது. இந்த மூவரோடும் பியர் மறுபடி ஒரு படம் எடுத்தால், அது எந்த ஓடிடியில் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவேன்.